இருட்டைப் பார்த்து வளரும் இலந்தை

அந்த இலந்தை மரம் ஏன் இருட்டைப் பார்த்து வளர்கிறது என்று அறிவியல் டீச்சருக்குப் புரியவில்லை. செடி வெளிச்சத்துக்கு வளைவதைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறாள்: தண்டின் நிழல்பட்ட பக்கம் வேகமாக நீளும், அதனால் வெயில் பக்கம் சாயும். இதுவோ வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பூட்டிக் கிடந்த அக்காவின் அறை ஜன்னலுக்கே கிளையை நீட்டியது. வெட்டினாள். மறுபடி வந்தது.

நர்சரிக்காரர் குனிந்து அடித்தண்டைத் தடவினார்.

"இது ஒட்டுச்செடிம்மா. மேல இனிப்பு இலந்தை, கீழ காட்டு இலந்தை வேர். கீழயிருந்து வர்ற முள்ளுத் தளிரை அப்பப்பக் கிள்ளி விடணும். நீங்க விட்டுட்டீங்க. அது மேல இருந்ததப் பட்டினி போட்டே கொன்னுடுச்சு."

"அக்காதான் பார்த்துக்கிட்டா. அவ படுத்ததுக்கப்புறம்..." டீச்சர் பூட்டிய அறைப் பக்கம் கையைக் காட்டினாள். "சரி, ஏன் ஜன்னலுக்கே வருது?"

"உள்ள இருந்து யாராச்சும் கூப்பிடறாங்களோ என்னவோ." சிரித்துக்கொண்டே கிளையை அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பக்கவாதத்தில் பேச்சு போன அக்கா, தாகமெடுத்தால் கட்டிலோர ஜன்னல் கண்ணாடியை நகத்தால் கீறுவாள். கடைசி நாள் மதியமும் கீறினாள். 'இப்பத்தானே கொடுத்தேன்' என்று டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிப்போனாள். எழுந்தபோது சத்தம் ஓய்ந்திருந்தது.

நர்சரிக்காரர் வந்துபோன அன்று மாலை மங்கியது. காற்று அடங்கி, ஓர் இலைகூட அசையாமல், ஈர மண் வாசனையோடு அந்த அறையின் பழைய தைல நெடியும் கதவிடுக்கில் கசிந்து வந்து கூடத்தில் தேங்கி நிற்க, கண்ணாடியில் கீறல் தொடங்கியது. மெதுவாக. நின்று. மறுபடி. அதே பொறுமை.

வேருக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். நிற்கவில்லை. காதில் பஞ்சு வைத்தாள். கேட்டது.

பூட்டைத் திறந்தாள். கட்டில். ஜன்னல். கண்ணாடிக்கு வெளியே, அறுத்த இடத்திலிருந்தே ஒரு புதுத் தளிர்.

"வந்துட்டேன்க்கா," என்றாள்.

ஜன்னல் கொக்கியை நீக்கினாள்.

இப்போதெல்லாம் கீறல் கேட்பதில்லை. வழி எளிது. ஜன்னலைத் திறந்து வைத்து, அக்காவின் கட்டிலில் படுத்து, கையை வெளியே நீட்ட வேண்டும். இலந்தைக்கு இரட்டை முள்: ஒன்று நேராக உள்ளே இறங்கும், மற்றது வளைந்து பிடித்துக்கொள்ளும். கையை இழுக்கக் கூடாது. குடித்து முடித்ததும் அதுவே விட்டுவிடும்.