தொட்டிக்குள் போட்ட மண்

மின்சாரம் போய், தொட்டிக்குக் காற்று தரும் மோட்டாரின் முனகலும் அடங்கிய அந்தப் பிற்பகலில், மீன்வாடையும் ஈரச்சுவர் வாடையும் கலந்து கிடந்த கூடத்தில், நகத்தால் கண்ணாடியைத் தட்டும் சத்தம் இரண்டு முறை கேட்டது. தீனி போடுமுன் ஓகுஸ்தேன் அப்படித்தான் தட்டுவார். அவரை அடக்கம் செய்து பத்தொன்பது நாளாகிறது. அவர் மனைவி ஜெனேவியேவ் அடுக்களையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். பயப்படக்கூட ஒரு தெம்பு வேண்டும்.

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்த ஓகுஸ்தேன் 1973-இல் மடகாஸ்கரிலிருந்து திரும்பியபோது, கறுத்த உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளி வைத்த இரண்டு மீன்களைக் கொண்டுவந்தார். அங்கே அந்த இனமே அற்றுக்கொண்டு வருகிறதாம். ஆண்மீன் பத்து வருடம் இருந்து, போன வருடம் செத்துப்போனது. "இது ஒண்ணையாவது காப்பாத்து" என்பதுதான் அவர் அவளிடம் கடைசியாகச் சொன்னது.

வீட்டுவேலை செய்யும் காசியம்மா கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, இங்க வாங்க. மீனு குஞ்சு பொரிச்சிருக்கு. ஆணு இல்லாம எப்படிங்க?"

தொட்டி மூலையில் மீன் குழி பறித்திருந்தது. அந்த இடம் ஜெனேவியேவுக்குத் தெரியும். கல்லறையில் எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டபோது அவள் கை மட்டும் திறக்கவில்லை. மூடிய கையோடு வீடு வந்தவள், இந்த மூலைத் தண்ணீருக்கு மேலேதான் விரல்களை விரித்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. அழுகையும் வரவில்லை.

அவள் இதைச் சொல்லக் கேட்டதும் காசியம்மாவின் முகம் வெளிறியது. "அந்த மண்ண எடுத்து அவருகிட்டயே போட்டுடுங்கம்மா. அப்பதான் அவரு போவாரு." சொல்லிவிட்டு அவள் கொல்லைப்பக்கம் இறங்கிவிட்டாள்.

போட்டுவிடலாம். மீனும் பிழைக்கும், அவரும் போவார். ஜெனேவியேவ் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டாள். தண்ணீர் சில்லென்று இல்லை. உள்ளங்கைச் சூடு.

மண்ணைத் தொட்டு ஒரு பிடி அள்ளினாள். குஞ்சுகள் எழும்பின. நூறு இருக்கும். எல்லாவற்றுக்கும் இடது கண்ணில் பூ விழுந்திருந்தது.

ஓகுஸ்தேனுக்கும் இடது கண்தான்.

நூறும் ஒன்றாகத் திரும்பின. அவர் திரும்புவதுபோல. நல்ல கண்ணால் அவளைப் பார்த்தன.

இரண்டு தட்டு. கண்ணாடிக்கு உள்ளிருந்து.

பிறகு அவள் மோதிர விரலைச் சுற்றி நெருங்கின. ஒவ்வொன்றாய் வாய் வைத்துப் பற்றின. வலிக்கவில்லை. பத்தொன்பது நாளில் முதல் முறையாக அவளுக்கு அழுகை வந்தது.

கைக்குள் அந்த மண். அவள் விரல்களை மூடிக்கொண்டாள். தண்ணீருக்குள்ளேயே.