சிவப்பு முள்

சாவி கொடுக்காத மணிக்கூட்டில் சிவப்பு முள் மட்டும் நகர்ந்திருந்தது.

சூசைதாசன் துடைத்த துணியைக் கீழே வைத்தான். வெக்ஸ்போர்ட் என்ற வெளிநாட்டு ஊரில் பழைய சாமான்களை ஏலத்துக்கு அனுப்பும் அந்தக் களஞ்சியத்தின் பின்பக்கத்தில் அவன் ஒருவனுக்குத்தான் வேலை. மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். தொண்ணூற்றி நாலாம் ஆண்டு ஜனவரி முழுக்க அவன் கதைத்தது முன் அலுவலகத்து ஜெயமலரோடு மட்டும்தான். அதுவும் நாளுக்கு நாலு வசனம்.

இங்கிலாந்தின் ஏதோவொரு ரயில் நிலையத்தில் தொங்கிய மணிக்கூடு அது. காலையில் அவளிடம் கேட்டிருந்தான்.

"உதென்ன தங்கச்சி, ரெண்டு நிமிச முள்?"

கூட வந்த கடுதாசியை அவள் வாசித்துப் பார்த்தாள். "ரயில் வரமுந்தி அங்கை ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு நேரமாம் அண்ணை. ரயில் வந்தாப்பிறகு எல்லாருக்கும் லண்டன் நேரம்தான். கறுப்பு முள் ரயிலின்ரை நேரம். சிவப்பு ஊரின்ரை பழைய நேரம், பத்து நிமிசம் பிந்தி."

"அப்ப பழைய நேரத்தைப் பாத்து வந்தவை?"

"ரயிலைத் தவறவிட்டிருப்பினம்," என்று சிரித்தாள்.

இப்போது மாலை ஐந்து. வெளியே இருட்டி, பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஹீட்டரின் இரைச்சலுக்குக் கீழே, எங்கிருந்தோ வந்த ஈரக் கம்பளியின் நெடியும் நிலக்கரிப் புகையும் மூக்கில் ஏற, பின்கதவுக்கு அப்பால் பல காலடிச் சத்தங்கள் ஓடி வந்து, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒரு பெண் இருமினாள். கைப்பிடி மெல்ல அசைந்தது.

பயந்தான். ஆனாலும், இந்தக் குளிரில் யாரோ நிற்கிறார்கள். இத்தனை நாளில் அவனிருந்த இடம் தேடி யாரும் வந்ததில்லை. கதவைத் திறந்தான்.

ஒருவருமில்லை. பனியில் ஒரு காலடி கூட இல்லை.

முன்பக்கம் ஓடினான். ஜெயமலர் கோட்டைப் போட்டுக்கொண்டு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். "ஓம், நான் மட்டும்தான். தாசன் அண்ணை அப்பவே போயிட்டார்."

"தங்கச்சி, நான் இஞ்சை நிக்கிறன்!"

அவள் அவனுக்கு ஊடாகச் சுவரைப் பார்த்தாள். லைற்றை அணைத்தாள். வெளியே போய்ப் பூட்டினாள்.

பின்கதவால் வெளியே பாய்ந்தான். தெருவில் பஸ் வந்தது. கையைக் காட்டினான். கத்தினான். கதவில் அடித்தான். கண்ணாடிக்கு உள்ளே முகங்கள். ஒன்றும் திரும்பவில்லை. பஸ் போய்விட்டது.

மூச்சு வாங்க நின்றான்.

பின்னால் இருமல்.

திரும்பினான். நடைபாதை நெடுக ஒரு வரிசை. நனைந்த பழங்காலக் கறுப்புக் கோட்டுகள், காலடியில் பயணப் பெட்டிகள். எல்லா முகமும் பஸ் போன திசையில். ஒரு வாயிலிருந்தும் மூச்சுப்புகை வரவில்லை.

இருமிய பெண் பெட்டியைத் தூக்கினாள். ஓரடி பின்னே நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் நகர்ந்தார்கள்.

அவளுக்கு முன்னால், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விழுந்தது.