பெயர்த்து நட்ட பதினெட்டு ஆண்டுகள்

இசக்கியப்பனின் பதினெட்டு வருட அனுபவத்தை மூளையிலிருந்து பெயர்த்து அவன் மனைவி சண்முகவடிவுக்குள் நட மூன்று மணி நேரம் பிடித்தது. காலையில் வெறும் டெக்னீஷியனாகப் படுத்தவள், மதியம் அந்த மலையடிவாரப் புற்றுநோய் மருத்துவமனையின் கதிர்ப் பாதுகாப்பு அலுவலராக எழுந்தாள்.

வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பதவிக்குப் படிப்பு மட்டும் போதாது, பத்தாண்டு நேரடி அனுபவமும் வேண்டும் என்பது சட்டம். வடிவு பரீட்சையெல்லாம் எப்போதோ பாஸ். அனுபவம் என்ற கட்டத்தில்தான் ஒன்றுமில்லை. இத்தனை வருடமாக அலுவலராக இருந்த இசக்கியப்பனுக்கோ இரத்தப் புற்று. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அலுவலர் இல்லையென்றால் கதிர் அறைக்குச் சீல் வைத்துவிடுவார்கள். பட்டறிவுப் பெயர்ப்பி என்ற இயந்திரம் வந்ததே இந்த மாதிரி இக்கட்டுக்குத்தான். ஒன்றே ஒன்று, அது நகல் எடுக்காது. ஒருவரிடம் பிடுங்கித்தான் இன்னொருவரிடம் நடும்.

"வேலை ஞாபகம்தான போகும்? போனாப் போகுது. வீட்டு ஞாபகம் இருக்கும்லா, அது போதும்" என்று இசக்கியப்பன் கையெழுத்துப் போட்டான். கதிர்க்காரன் புத்தி அது! நடுவில் ஒரு கான்கிரீட் சுவரை எழுப்பிவிட்டால் இந்தப் பக்கத்துச் சமாசாரம் அந்தப் பக்கம் போகாது என்று பழகிய புத்தி. இரண்டு பேரும் பார்த்துப் பேசிப் பிடித்துப்போனதே அந்தக் கதிர் அறை வாசலில்தான் என்பது இருவருக்கும் தோன்றவில்லை, பாவம்.

கண் விழித்தவன் அவளை மரியாதையாகப் பார்த்தான்.

"உங்களைக் கட்டிக்கிட்டது நல்லா ஞாபகம் இருக்குங்க. எதுக்குக் கட்டிக்கிட்டேன்னுதான் பிடிபடலை."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவன் அவளை 'நீங்க' என்றதில்லை. அந்த 'எதுக்கு' இப்போது அவளிடம் இருந்தது. வாயில் கொண்டை ஊசியைக் கடித்தபடி நோயாளிகளை வரிசையாக உட்காரவைக்கும் ஒரு பெண்ணை அவன் கண்ணால் பார்த்தாள். நாம் இவ்வளவு அழகாகவா இருந்தோம் என்று அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று.

மூன்றாம் நாள் வேலைக்குப் போய், உடம்பில் படும் கதிரை அளக்கும் பேட்ஜைச் சட்டையில் குத்தும்போது இன்னொன்று மேலே வந்தது. கோபால்ட் இயந்திரத்தில் கதிரை உமிழும் உலோகத் துண்டு தன் ஈயக் கூட்டுக்குள் திரும்பாமல் சிக்கிக்கொண்ட நாள். உள்ளே போய்த் தள்ளவேண்டிய முறை வடிவுடையது. அவளுக்கு அப்போது மூன்று மாதம். அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் தன் பேட்ஜைக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டுவிட்டுத் தானே உள்ளே ஓடினான். பேட்ஜில் அளவு மிஞ்சினால் அவனைக் கதிர் வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள். அப்புறம் அடுத்த தடவை அவளல்லவா போகவேண்டும்!

அந்தக் கரு நிற்கவில்லை. இன்னொன்று தங்காதா என்ற ஆசையில் ஆறு வருடம் அவளுடைய முறையையெல்லாம் அவனே பார்த்தான், பேட்ஜ் இல்லாமல்.

"என்னைய உள்ள விட மாட்டேங்கீங்க, ஒண்ணுந் தெரியாதவள்னு நினைச்சீங்களா?" என்று அந்த நாட்களில் அவள் சண்டை போட்டிருக்கிறாள். "ஆமா, நீ கைய வச்சா வெளங்கிரும்" என்று அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு இத்தனை வருடம் அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வடிவு பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

முப்பதாம் நாள் கதிர்ப் பாதுகாப்பு ஆணையத்துக்கு உறுதிமொழி கொடுக்கவேண்டும். 'பெற்ற பட்டறிவில் மறைக்கப்பட்ட விதிமீறல் உண்டா?' உண்டு என்றால் அந்த அனுபவம் செல்லாது, மொத்தத்தையும் அழித்துவிடுவார்கள். இல்லை என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? எழுதப் போனாள். கை வரவில்லை. கதிர் படாத பேட்ஜை ஆணையத்துக்கு அனுப்பிய ஒவ்வொரு தடவையும் அவனுக்கு மனசு உறுத்தியதும் சேர்ந்தல்லவா உள்ளே வந்திருக்கிறது! அந்தப் பேட்ஜ்களை நம்பித்தான் அந்த ஓட்டை இயந்திரத்தை மாற்றாமல் வைத்திருந்தார்கள். இன்னும் மூன்று பேர் அதில் வேலை பார்க்கிறார்கள்.

'உண்டு' என்று எழுதினாள்.

அழிப்பதற்கு முந்தின சாயங்காலம் அவன் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். அவன் கஞ்சியை ஆறவிட்டுக் கேட்டான்.

"அடேயப்பா, அந்த ஆளுக்கு உங்க மேல கொள்ளைப் பிரியம் போல" என்றான். "கொடுத்து வச்சவங்க நீங்க."

மறக்கக் கூடாதென்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்தாள்.

மறுநாள் அவளுக்குள் நட்டதையெல்லாம் அழித்தார்கள். கதிர் அறைக்குச் சீல் விழுந்தது, நோயாளிகளை மதுரைக்கு அனுப்பினார்கள். வடிவு வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்தாள். அவள் கையெழுத்துதான். பரீட்சைக்குப் படிப்பதுபோல மூன்று தடவை படித்தாள். எல்லா வார்த்தையும் விளங்கியது. யாரோ ஒருத்தியின் கதையாக விளங்கியது. பழைய கோபம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஒரு நாளாவது என்னைய உள்ள விட்டீங்களா நீங்க?" என்று வெடித்தாள்.

அவன் மிரண்டு போனான். "நேத்து அவருக்காக அப்படி அழுதீங்களே" என்றான். "இன்னைக்கு ஏங்க கோவப்படுதீங்க?"