தொண்ணூற்றொரு சென்டிமீட்டர்

காலை பதினொன்று நாற்பதுக்கு மாரண்டஹள்ளி பஸ் என்னை இறக்கிவிட்டுப் போனது. வேறு யாரும் இறங்கவில்லை.

ஆறு மாதமாக வந்துபோகும் இடம். அகழாய்வுக் குழிக்கு மேலேயே கட்டிய அருங்காட்சியகம். எதை எங்கே வைப்பது, வருகிறவர்கள் எந்த வழியாக நடப்பது என்று வரைந்து கொடுப்பது என் வேலை. திறப்புக்கு மூன்று வாரம் இருந்தது. முடியும்வரை தங்கிவிடலாம் என்று பையோடு வந்திருந்தேன். பெங்களூர் வீட்டில் காத்திருப்பவர் யாருமில்லை. கணவன் மார்ச்சில் என்னை விட்டுப் போய்விட்டான். வயிற்றில் ஐந்து மாதம்.

கூடத்தின் நடுவே ஒரு குழந்தை கிடந்தது.

பலகைக் கற்களால் ஆன பெட்டிக்குள், மல்லாந்து, எலும்பாக. மூன்று வயது இருக்கும், நீளம் தொண்ணூற்றொரு சென்டிமீட்டர் என்றது ஆய்வறிக்கை. பெட்டிக்கு மேலே தரையோடு தரையாகக் கண்ணாடி பதித்திருந்தோம். ஒரே எட்டில் தாண்டிவிடும் அகலம். மேற்கு வாசலில் நுழைந்து கிழக்கு வாசலில் வெளியேற வேண்டும். இரண்டு பக்கமும் காட்சிப் பெட்டிகள். குழந்தையைத் தாண்டாமல் யாரும் போக முடியாது. வந்த வழியே திரும்பவும் அனுமதி இல்லை. அப்படி வரைந்ததற்காகத்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது.

துப்புரவு வேலை பார்க்கும் குள்ளம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முடித்து எழுந்து தாண்டினாள். உடனே திரும்பத் தாண்டினாள்.

“என்னங்க, நொண்டி ஆட்டமா?” என்றேன்.

“படுத்திருக்கற புள்ளையத் தாண்டுனா திரும்பத் தாண்டிரணும் மேடம். இல்லைனா வளராது. உங்க வூட்ல சொல்ல மாட்டாங்களா?”

“மூவாயிரம் வருஷமா படுத்திருக்கு. இனிமே எங்க வளர?”

“அதத்தான் நானும் சொல்றேன். அன்னைக்கு எவனோ தாண்டிட்டுத் திரும்பாமப் போயிட்டான்.” சிரித்தாள். “மேஸ்திரி, கரண்ட் வேலைக்காரங்க எல்லாருக்கும் சேத்து நானே சாயங்காலம் தாண்டி வுட்டுருவேன். உங்களுக்கு மட்டும் முடியாதுங்க.”

“ஏன்?”

என் வயிற்றைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“நீங்க ரெண்டு பேரு. நீங்கதான் தாண்டணும். இல்லைனா உள்ள இருக்கறதும் வளராது.”

தலையாட்டிவிட்டுக் குழந்தையைத் தாண்டிக் கிழக்கு வாசலில் வெளியேறினேன்.

வேலையாட்களுக்காகப் போட்ட தகரக் கொட்டகையில் எனக்கு ஓர் அறை. அறையின் அகலம் என் உயரம்தான். பாயில் முழுதாக நீட்டினால் பாதம் சுவரில் இடிக்கும். காலை மடக்கித்தான் படுப்பேன்.

வியாழக்கிழமை காலை தருமபுரியில் ஸ்கேன். டாக்டர் திரையை நெடுநேரம் பார்த்தார்.

“போன மாசத்துக்கு இந்த மாசம் வளர்ச்சியே காணோமே சுசித்ரா. கூட யாரு வந்திருக்காங்க?”

“வெளிய இருக்காங்க.”

வெளியே வரிசையாக நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் என் பை இருந்தது.

திரும்பி வந்தபோது மணி இரண்டு. கூடத்தில் யாருமில்லை. குள்ளம்மாள் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக வத்தல்மலைக்குப் போயிருந்தாள். விளக்கப் பலகையில் எழுத நீளத்தை ஒருமுறை சரிபார்க்கலாம் என்று கண்ணாடிமேல் டேப்பை நீட்டினேன்.

நூற்றிரண்டு.

மூன்று தடவை அளந்தேன். போனில் பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். படத்தில் கால் எலும்புக்கும் பலகைக் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. இப்போது விரல் எலும்புகள் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தன.

ஆறு மாதமாக, தினமும் சாயங்காலம், எல்லோருக்கும் சேர்த்து அவள் திரும்பத் தாண்டியிருக்கிறாள்.

நான் எத்தனை தடவை தாண்டியிருப்பேன்? அறுபது இருக்கலாம். எண்பது என்று வைத்துக்கொண்டேன்.

கிழக்கிலிருந்து மேற்கே தாண்டினேன். மேற்கு வாசலில் வெளியேறி, கட்டிடத்தைச் சுற்றி, கிழக்கு வாசலில் நுழைந்து, மறுபடி தாண்டினேன். வெளியே வெயில். என் செருப்புச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

முப்பதாவது சுற்றில் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. கட்டைவிரல் அளவு. மண்டையோட்டின் வாய்க்கு நேர் மேலே.

துடைத்தேன். போகவில்லை.

ஈரம் அடிப்பக்கத்தில் இருந்தது.

ஐம்பதில் அது தட்டளவு ஆகியிருந்தது. எழுபதில் கண்ணாடி முழுக்க வெள்ளை. குழந்தை தெரியவில்லை.

நிறுத்தியிருக்கலாம்.

எண்பதாவது முறை தாண்டி மேற்கு வாசலுக்கு வந்தபோது பின்னால் கண்ணாடி கிறீச்சென்றது. அதன்மேல் யாராவது ஏறி நின்றால் வரும் சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி தெளிவாக இருந்தது. அடியில் பெட்டி. பெட்டியில் மண். மண்ணில் ஒரு சின்ன உடம்பு கிடந்த பள்ளம்.

போனை எடுத்தேன். யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பையில் போட்டுவிட்டேன்.

அறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டேன். சுவரோரம் கிடந்த பாயில் காலை மடக்கிப் படுத்தேன். தகர இடுக்கு வழியாகச் சாயங்கால வெயில் முகத்தில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

நனைந்த மண்ணின் வாசனை வந்தது. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது.

இமைமேல் வெளிச்சம் ஒரு கணம் மறைந்தது.

வயிற்றின்மேல் பொடிமண் உதிர்ந்தது.

என்னைத் தாண்டிவிட்டது.

இடப்பக்கம், எனக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகலம்தான். அங்கே மூச்சு கேட்டது. ஓடி வந்த குழந்தையின் மூச்சு.

காலையிலிருந்து வயிற்றுக்குள் லேசாக ஓர் அசைவு இருந்தது. அது நின்றுவிட்டது.

நான் கண்ணைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மூச்சு நகர்ந்தது. இடுப்பைக் கடந்தது. முட்டியைக் கடந்தது. கால்மாட்டில் ஒரு முழம் வழி இருந்தது. என்னைத் தாண்டாமல் அப்படியே சுற்றிக்கொண்டு போய்விடலாம்.

காலை நீட்டிச் சுவரில் ஊன்றினேன்.

மூச்சு நின்றது. என் பாதத்தின்மேல் சில்லென்று ஒரு சின்னக் கை பட்டது. தள்ளிப் பார்த்தது.

நான் காலை எடுக்கவில்லை.

“கண்ணு,” என்றேன். “திரும்பத் தாண்டிட்டுப் போயிரு கண்ணு.”