பதினொன்றின் வழி

பதினொன்று என்று முடியும் நெட்வொர்க் முகவரியில் அந்த ஆலையில் எந்த இயந்திரமும் கிடையாது. தனப்பிரியாவுக்கு அது நன்றாகத் தெரியும். இப்போது இருக்கும் முகவரிப் பட்டியலை எழுதியவளே அவள்தான். இருந்தும் மதியம் மூன்று மணிக்கு, யாரும் கூப்பிடாமலே, பதினொன்று இணைப்பில் இருக்கிறது என்று திரையில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது.

மறுநாள் ஆயுத பூஜை. பூஜைக்கு முந்தின நாள் ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் எதுவும் அழுக்காக இருக்கக் கூடாது. காலையிலிருந்தே கீழே தண்ணீர் பீய்ச்சும் சத்தமும் இரும்பைத் தேய்க்கும் சத்தமும் ஓயாமல் கேட்டன. வாரக்கணக்கில் மூலையில் கிடந்த மரவள்ளிச் சக்கையின் புளித்த நாற்றம், நனைந்ததும் கிளம்பி, படியேறி, மாடியில் அவள் உட்கார்ந்திருந்த கண்ணாடி அறைக்குள்ளும் நுழைந்து நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டது. “உன்ற ஆயுதத்தயும் கழுவி வெச்சுரு அம்மிணி” என்று முதலாளி கிண்டலாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவளுடைய ஆயுதம் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், கம்ப்யூட்டருக்கு எழுதிய ஒரு சின்ன நிரல். ஆலையின் மோட்டார்களுக்கு ‘ஓடு’, ‘நில்’ என்ற கட்டளைகள் மாடியிலிருந்து நெட்வொர்க்கில்தான் போகும். எந்தக் கட்டளை எந்த வழியாகப் போக வேண்டும் என்ற பட்டியலைக் கம்ப்யூட்டரிடம் கேட்டு, வரி வரியாகப் படித்துச் சொல்வது அந்த ஸ்கிரிப்ட்டின் வேலை. அதை எழுதிய ரங்கன் மூன்று வருடத்துக்கு முன்பு வேலையை விட்டு ஓசூருக்குப் போய்விட்டவர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற ஆள். ஒவ்வொரு சிறு வேலைக்கும் தனி நிரல் துண்டு: வரியை உடைக்க ஒரு ஃபங்ஷன், உடைத்ததில் மூன்றாவது சொல்லை எடுக்க ஒன்று, எடுத்த சொல்லின் இடைவெளியை நீக்க இன்னொன்று. ஒன்பது ஃபங்ஷன்களை அன்று மதியம் அவள் இரண்டே வரிகளாகச் சுருக்கினாள். பெருமையாகக்கூட இருந்தது. மிச்சமிருந்த ஒன்று, பதினொன்றின் வழியாகப் போகச் சொல்லும் வரி எது வந்தாலும் அதைப் படிக்காமல் தள்ளிவிட்டது. இல்லாத முகவரிக்கு எதற்குக் காவல் என்று அதையும் அழித்தாள்.

அழித்த இரண்டாவது நிமிடம் பதினொன்று வந்துவிட்டது.

வழிப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். அரவை மெசினுக்குப் போகும் வழி பதினொன்றைத் தொட்டுப் போவதாக ஒரு புது வரி. அந்த வரியை நீக்கினாள். திரும்ப வந்தது. மறுபடி நீக்கினாள். விரலை எடுப்பதற்குள் அதே இடத்தில் இருந்தது. அரவை மெசினுக்குள் அந்த நேரம் கதிர் இருந்தான்.

கதிர் அவள் புருஷன், ஆலையின் ஃபிட்டர். பூஜைக்குள் அரவை ட்ரம்மின் பிளேடுகளைக் கழற்றித் தேய்த்து மாட்டிவிட வேண்டும் என்று மதியச் சாப்பாடு முடிந்த கையோடு இறங்கியிருந்தான். “பியூஸப் புடுங்கி இடுப்புல செருகிட்டேன் பிரியா, பயப்படாத. பத்து நிமிசத்துல வாரேன்” என்று சொல்லி அரைமணி நேரம் ஆகிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ட்ரம்மின் வாயிலிருந்து அவன் இடுப்பும் கால்களும் மட்டும் வெளியே தெரிந்தன. ஒரு கால் மற்றதைச் சொறிந்துகொண்டது. மூச்சு வந்தது அவளுக்கு.

ரங்கனுக்கு போன் போட்டாள்.

“அண்ணா, அந்தப் பதினொன்னு என்னதுங்க?”

எதிர்முனையில் லாரிகளின் ஹாரனுக்கு நடுவே ரங்கனின் குரல் கேட்டது.

“அந்தத் தள்ளுற ஃபங்ஷன எடுத்துட்டியாம்மா?”

“ஆமாங்க. சுத்தம் பண்ணலாம்னு...”

“பழைய அரவை மெசின ஓட்டுற கன்ட்ரோல் பேனல் அது. வேல்முருகன்னு ஒரு பையன உள்ள இழுத்து அரைச்சுருச்சு. நில்லு நில்லுன்னு நானுந்தான் அடிச்சேன், நிக்கல. பேனல ஒடச்சு எடைக்குப் போட்டாங்க, ட்ரம்ம மட்டும் பெயிண்ட் அடிச்சுப் புதுசுல மாட்டிக்கிட்டாங்க. பேனல் போயும் அந்த வழி போகல. அழிச்சு அழிச்சுப் பாத்தேன். அதனாலதான் தள்ளிவிட்டே ஓட்டுனேன்.” அவர் குரல் திடீரென்று உயர்ந்தது. “ட்ரம்முகிட்ட யாரும்மா இருக்கா?”

“கதிருங்க.”

“வெளிய வரச் சொல்லு. ஒண்ணும் டைப் பண்ணாத, ஓடிப் போய் வெளிய...”

ஆனால் அவள் விரல்கள் அதற்குள் ஓடிவிட்டன. எத்தனையோ வருடப் பழக்கம். ஆபத்து என்றால் ‘நில்’. அடித்து, என்டரைத் தட்டிய பிறகுதான் அந்தக் கட்டளை எந்த வழியாகப் போகும் என்று உறைத்தது.

பதில் உடனே வந்தது. ஓடுகிறது.

கீழே, தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில், ஒரு முனகல் தொடங்கியது. இரும்பின் முனகல். பிறகு கதிரின் கத்தல்.

கேபிளைப் பிடுங்கினாள். ஓடுகிறது. கம்ப்யூட்டரின் மின்சாரத்தையே அணைத்தாள். திரை கறுக்கவில்லை. ஓடுகிறது. ஓடுகிறது. ஓடுகிறது.

படிகளில் விழுந்து எழுந்து ஓடினாள். முழங்கால் கிழிந்தது. பெருக்கிக்கொண்டிருந்த முத்தாயம்மாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, “சாமீ, சாமீ” என்று சுவரோடு ஒட்டி நின்றாள்.

ட்ரம் மெதுவாகத்தான் சுற்றியது. அவசரமே இல்லை அதற்கு. பியூஸ் மூன்றும் கதிரின் இடுப்பில் அப்படியே செருகியிருந்தன. இடுப்புக்கு மேலே எல்லாம் உள்ளே இருந்தது. சட்டை முதலில் கிழிந்தது. பிறகு சட்டை இல்லாத ஒன்று கிழிந்தது. வெள்ளை மாவுப்பால் ஓடும் வாய்க்காலில் சிவப்பு ஓடியது.

“மாமா!”

இரண்டு கணுக்கால்களையும் பிடித்தாள். காலைச் சுவரில் உதைத்து இழுத்தாள். கதிர் கத்துவதை நிறுத்தியிருந்தான். உள்ளேயிருந்தும் இழுத்தது. பிளேடு இழுப்பது போல இல்லை. விட்டு விட்டு, பிடியை மாற்றிப் பிடித்து இழுத்தது.

அப்போதுதான் பார்த்தாள். கதிரின் பெல்ட்டில் விரல்கள். ஐந்து. மாவு படிந்து, காய்ந்து, வெடித்த விரல்கள். அவனுடையவை இல்லை. அவன் கைகள் இரண்டும் எப்போதோ உள்ளே போய்விட்டன.

அவள் விடவில்லை. பல்லைக் கடித்தாள். கண்ணை மூடினாள். மொத்த உடம்பையும் பின்னால் எறிந்து இழுத்தாள்.

இந்த முறை லேசாக வந்தது.

மல்லாந்து விழுந்தாள். மடியில் கனம் பாதிதான் இருந்தது. எதிரே, சுற்றிக்கொண்டிருந்த ட்ரம்மின் வாயிலிருந்து அந்த வெள்ளைக் கை முழங்கை வரை வெளியே வந்து, ஈரத் தரையைத் தடவித் தடவி, மிச்சத்தைத் தேடியது.