நீலக் கோட்டின் இடது பாதி

"எங்க அப்பா சனிக்கிழமை கல்யாணம் பண்ணிக்கப் போறாரு. அவரா பண்ணிக்கல, அவர் தலைக்குள்ள இருக்கற கம்பி பண்ணி வைக்குது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அண்ணியின் பக்கத்தில் நின்ற கொழுந்தனுக்குக் காது விடைத்துக்கொண்டது. கீழே அவனுடைய ஜெராக்ஸ் கடையில் யாரோ "ஆள் இல்லையா?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கத்தட்டும். மாடியில் அண்ணி துப்பறியும் அலுவலகம் திறந்து எட்டு மாதமாகிறது. தொலைந்த பூனையையும் காணாமல் போன சைக்கிளையும் தவிர வேறெந்த வழக்கும் படியேறி வந்ததில்லை. அண்ணியோ காப்பீட்டுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பொய் விபத்துகளைப் பிடித்துப் பழகியவர். பதறாமல் டீயை ஆற்றிக்கொண்டே, "முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார்.

அவள் சொன்னாள். அப்பா தையல்காரர். பத்து வருடமாக பார்க்கின்சன் நோய். மூன்று மாதத்துக்கு முன் ஆபரேஷன் செய்து, மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்தார்கள். நெஞ்சில் தோலுக்கடியில் இருக்கும் சின்னக் கருவி அதற்கு மின்சாரம் அனுப்புகிறது.

"கை நடுக்கம் அடங்கிடுச்சு. ஆனா யோசனையும் சேர்ந்து அடங்கிடுச்சுங்க. முன்னெல்லாம் ரெண்டு சட்டையைக் கையில வச்சுக்கிட்டு அரைமணி நேரம் நிப்பாரு. இப்போ கடைக்காரர் 'சிவப்புக் குடையா'ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள சிவப்பை வாங்கிட்டு வந்துடறாரு. வீட்டுக்கு வந்ததும் பச்சையே வாங்கியிருக்கலாமேங்கறாரு. இப்படி மூணு குடை! பத்து நாள் முன்னாடி எதிர்த்த பேக்கரிக்காரம்மாகிட்ட போய், கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டிருக்காரு. அவங்களும் சரின்னுட்டாங்க."

"அவங்க நல்லவங்க இல்லையா?"

"தங்கமானவங்க. அதான் கஷ்டமே. நாளைக்குக் காலையில டாக்டர் அந்த மின்சாரத்தோட அளவைப் பார்க்கறாரு. கம்பிதான் காரணம்னா, குறைக்கச் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திடுவேன். கை திரும்ப நடுங்கினாலும் பரவாயில்ல. ஆனா அப்பாவே மனசார ஆசைப்பட்டிருந்தா?" அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "அவர் சந்தோஷத்தை நானே பறிச்சவளா ஆயிடுவேன். எதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

அரை மணியில் மூவரும் அவள் வீட்டில் இருந்தார்கள். தையல்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "அப்பா, உங்களுக்கு டீயா..." என்று மகள் தொடங்கினாள்.

"டீ!"

"...காப்பியான்னு கேட்க வந்தேன்."

"அடடா, காப்பி சொல்லியிருக்கலாம்" என்று அவர் உச்சுக்கொட்டினார். மூலையில் மூன்று சிவப்புக் குடைகள் அசடு வழியச் சாய்ந்திருந்தன.

தையல் அறையை மகள் காட்டினாள். "கடையை மூடி ரெண்டு வருஷமாச்சு. அதுலேர்ந்து அப்பா ஊசியைத் தொட்டதே இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம்தான் இதைத் திறந்தாரு. இந்தக் கோட்டைப் பாருங்க, அந்தம்மாவுக்காக ஒரே வாரத்துல தைச்சது. எவ்வளவு அவசரம்!"

வான நீலத்தில் அழகான கோட்டு. அண்ணி அதை உள்வெளியாகத் திருப்பினார். இடது பாதியின் உள்துணியைப் பார்த்தார். வலது பாதியைப் பார்த்தார். மறுபடி இடது பாதிக்கே வந்தார். பிறகு அலமாரியிலிருந்த அளவு நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

கொழுந்தனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேசையில் துணியில் கோடு போடும் நீலச் சாக்குக் கட்டிகள், கத்தரி, ஊசிப் பெட்டி. சுவரில் காலண்டர்; அதில் சனிக்கிழமையைச் சுற்றிப் பெரிய வட்டம். பக்கத்தில் வெள்ளையாக ஒரு பெருவிரல் ரேகை. "அண்ணி, தடயம்! தையல்காரர் சாக்குக் கையோட வட்டம் போட்டிருக்காரு" என்றான். அண்ணி திரும்பிப் பார்க்காமலே "ம்" என்றார். அவன் வாடிப்போனான்.

"இந்தக் கோட்டையும் நோட்டையும் நாளைக்கு எடுத்துட்டு வாம்மா" என்றார் அண்ணி. "பேக்கரிக்காரம்மாவும் வரணும்."

மறுநாள் மருத்துவரின் அறையில் நிற்க இடமில்லை. பேக்கரிக்காரம்மா அடுப்படியிலிருந்து அப்படியே வந்திருந்தார், ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. தையல்காரர் அவருக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அண்ணி மருத்துவரிடம், "இந்த மின்சாரம் ஆளை அவசரப்படுத்துமா?" என்று கேட்டார்.

"சிலரை" என்றார் மருத்துவர். "ரெண்டு பக்கமும் மனசு இழுக்கும்போது மூளை 'கொஞ்சம் பொறு'ன்னு பிரேக் போடும். சிலருக்கு இந்த மின்சாரம் அந்த பிரேக்கைத் தளர்த்திடும். கஷ்டமான கேள்வியில நிதானிக்க வேண்டியவங்க, முந்திக்கிட்டு பதில் சொல்லிடுவாங்க. குடைக் கதையைக் கேட்டா, இவருக்கும் அப்படித்தான் தோணுது."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணி கோட்டைப் பிரித்து மேசையில் விரித்தார்.

"இது ஒரு வாரக் கோட்டு இல்லம்மா. வலது பாதித் தையலைப் பாரு, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. இடது பாதியைப் பாரு. வளைஞ்சு நெளிஞ்சு, பிரிச்சுப் பிரிச்சுத் தைச்ச ஊசி ஓட்டை வரிசையா இருக்கு. இதைத் தைச்சது நடுங்கற கை. உங்கப்பா கை எப்போ நடுங்கிச்சு?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி..." மகள் மெல்லச் சொன்னாள்.

"ஆமா. நீ ஆபீசுக்குப் போனதும் அறையைத் திறந்திருக்காரு. இன்னும் முன்னாடி போகலாம்." அண்ணி நோட்டைப் பிரித்தார். "இந்தப் பக்கத்துல 'பேக்கரி அம்மா'ன்னு எழுதியிருக்கு. வரி போகப் போக எழுத்து எறும்பாச் சிறுத்துடுது. டாக்டர், இதுவும் அந்த நோயோட குணம்தானே?"

மருத்துவர் தலையாட்டினார். பேக்கரிக்காரம்மா சட்டென்று சிரித்துவிட்டார். "அது மூணு வருஷத்துக்கு முன்னாடிங்க! ஒரே ஒரு பொத்தான் அறுந்துபோச்சுன்னு போனேன். தோள், கை, இடுப்புன்னு முழு அளவும் எடுத்தாரு. ஒரு பொத்தானுக்கு எதுக்குய்யா இத்தனை அளவுன்னு அன்னிக்கே நினைச்சேன்."

தையல்காரருக்குக் காது வரை சிவந்தது. "ஒரு நாளைக்கு நாலு தையல்தான் ஒழுங்கா நிக்கும். கோட்டை முடிச்சுட்டுத்தான் கேட்கணும்னு இருந்தேன். பொத்தான் தைக்க முடியாதவன் எந்த மூஞ்சியோட கேட்கறது? நடுக்கம் நின்னுது, முடிச்சேன், கேட்டேன்."

மகள் அந்தக் கோணல் தையலை விரலால் தடவினாள். கண்ணீர் கோட்டில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆக, கல்யாணம் அவரோட முடிவு" என்று அண்ணி முடித்தார். "சனிக்கிழமைங்கற அவசரம் மட்டும் கருவியோடது. ஒரு மாசம் தள்ளி..."

கொழுந்தன் அப்போது பேக்கரிக்காரம்மாவின் ஏப்ரனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரமெல்லாம் வெள்ளை. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணி! தையல் சாக்கு நீலம். காலண்டர்ல இருந்த ரேகை வெள்ளை. அது சாக்கு இல்ல, மைதா மாவு! வட்டம் போட்டது இவங்க!"

அண்ணி வாழ்நாளில் முதல்முறையாக வாயைப் பிளந்தார்.

"நான்தான்" என்றார் பேக்கரிக்காரம்மா, கொஞ்சமும் வெட்கப்படாமல். "மூணு வருஷமா ஒரு கோட்டுக்காகக் காத்திருக்கேன். இன்னும் என்ன ஒரு மாசம்? என் தலையில கம்பி எதுவும் இல்ல, வேணும்னா சோதிச்சுப் பாருங்க டாக்டர்!"

மருத்துவர் சிரித்து அடங்கவே நேரமாயிற்று. பிறகு கருவியின் அளவை ஒரு சிறு படி மாற்றினார். "நடுக்கம் வராத இடத்துல நிறுத்தியிருக்கேன். குடை வாங்கறது குறையுதான்னு போகப் போகப் பார்ப்போம்." எல்லோரும் தையல்காரரின் கைகளையே பார்த்தார்கள். அவை மடியில் அமைதியாகக் கிடந்தன. மருத்துவர் அவரைப் பார்த்துக் கேட்டார்: "இப்போ நீங்களே சொல்லுங்க. சனிக்கிழமையா, அடுத்த மாசமா?"

தையல்காரர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பேக்கரிக்காரம்மாவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்றது. அப்பா இப்படி யோசித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சனிக்கிழமை" என்றார் கடைசியில். "ஆனா பொண்ணுக்கு லீவு கிடைக்குமான்னு முதல்ல கேட்டுக்கணும். அவ இல்லாம வேண்டாம்."

மகள் எழுந்து வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். இப்போது நடுங்கியது அவளுடைய கைகள்தான்.

"லீவு போட்டாச்சுப்பா" என்றாள்.