ஒருபக்கமாக உயர்ந்த கார்

"என் கை மேல எனக்கே சந்தேகம் வந்துடுச்சுக்கா," என்றாள் மெக்கானிக். அண்ணி நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. "நான் தாழ்த்தி அனுப்புற காரு, கொஞ்ச நாள்ல உயர்ந்து வந்து நிக்குது. மூணு தடவை ஆயிடுச்சு."

பக்கத்தில் நின்ற கொழுந்தனுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஆனால் அண்ணியைத் தேடி ஆள் வந்தால் போதும், கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்துவிடுவான். அண்ணி காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளைத் துருவி ஆராய்ந்து ஓய்வு பெற்றவள். இப்போது அக்கம்பக்கத்தார் சிக்கல்களை வீட்டு மேசையிலேயே அவிழ்த்துக் கொடுக்கிறாள்.

கார் ஒரு பல் டாக்டருடையது. ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே கதவு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு ஸ்பிரிங். அதைத் தாங்க, மரை போட்ட ஒரு வளையம். வளையத்தைக் கீழே இறக்கினால் கார் தாழும், மேலே ஏற்றினால் உயரும். இப்போது இடப்பக்கம் மட்டும் ஒரு விரல் உயர்ந்திருக்கிறது.

"நான் சரியா இறுக்கல, வளையம் நழுவுதுங்கிறார் டாக்டர். ஞாயித்துக்கிழமை கார் கிளப்புல எல்லார் முன்னாடியும் சொல்லப்போறாராம். என் கஸ்டமரே அந்தக் கிளப்புதான்க்கா. ஷட்டரை இழுத்து மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

"வளையம் நழுவினா என்ன ஆகும்?" என்று கேட்டாள் அண்ணி.

"வண்டி எடை அழுத்தும். கீழ இறங்கும்." சொல்லி முடிப்பதற்குள் மெக்கானிக்கின் முகம் மாறியது. "ஏறாது!"

"அப்ப யாரோ கை வைக்கிறாங்க. வா, பார்ப்போம்."

டாக்டர் வீட்டு ஷெட்டில் கார் பளபளவென்று நின்றது. டாக்டர் அதைப் பெற்ற பிள்ளையைப் போலக் காட்டினார். அண்ணி தரையில் துணி விரித்துப் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தாள். வளையம் கெட்டியாக இறுக்கப்பட்டிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அதன் மேல் மெல்லிய நீலக் கோடு ஒன்று.

"கம்பெனி அடையாளம்," என்று அடித்துச் சொன்னான் கொழுந்தன்.

"இல்லைங்க. போன தடவை நான் இறுக்கினப்ப இந்தக் கோடு இல்ல," என்றாள் மெக்கானிக்.

அண்ணி எழுந்து இடப்பக்கக் கதவைத் திறந்தாள். அதன் மேல்விளிம்பில் விரல் தடங்கள் அப்பியிருந்தன. "இந்தப் பக்கம் யார் உட்காருவாங்க, டாக்டர்?"

"யாரும் இல்லைங்க மேடம். என் மனைவிக்கு இந்தக் கார்னாலே ஆகாது. அப்பா முன்னாடி வருவார். இப்ப சைலன்சர் சத்தம் தலையை வலிக்குதுன்னு நின்னுட்டார். கிளினிக் தெருமுனைதான், நானும் நடந்தே போயிடுறேன். காரு பாதி நாள் சும்மாதான் நிக்குது."

கூடத்துக்குள் போனால், ரேடியோ காதைப் பிளந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே, உயரமான நாற்காலியில் டாக்டரின் அப்பா சுகமாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கு உட்கார்ந்தபடியே தலையசைத்தார். என்ன கர்வம் என்று கொழுந்தன் மனதுக்குள் கறுவினான். டாக்டரின் மனைவி கழுத்தில் டேப்புடன் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

கொழுந்தனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "அண்ணி, இது கிளப்புல இருக்கிற போட்டிக்காரன் வேலை! சுவரேறிக் குதிச்சு வந்து..."

"கெடுக்க வந்தவன் லூசாக்கிட்டுப் போவான் தம்பி. இவ்வளவு அக்கறையா இறுக்கிட்டுப் போவானா?" அண்ணி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். "இடப்பக்கம் மட்டும் ஏன் ஏறணும்? அங்க உட்கார்றவங்களுக்காக. கதவு விளிம்பைப் பிடிச்சு யாரோ கஷ்டப்பட்டு எழுந்திருக்காங்க. தாழ்வான காருல இருந்து எழுந்திரிக்கிறது முட்டிவலிக்காரங்களுக்குப் பெரிய பாடு. இவ்வளவு சத்தமா ரேடியோ கேக்குறவருக்கு சைலன்சர் சத்தத்தாலயா தலைவலி? அது மகன்கிட்ட சொன்ன சாக்கு."

கொழுந்தன் வாயைப் பிளந்தான். "அப்ப... பெரியவரே ஏத்துனாரா?"

"குனிஞ்சு ஜாக் போட அவரால முடியாது. எவ்வளவு திருப்பணும்னு வளையத்துல அடையாளம் வச்சது, துணியில அடையாளம் வைக்கிற கை." அண்ணி வெட்டுமேசையைப் பார்த்தாள். துணி மேல் நீலச் சாக்குக்கட்டி கிடந்தது.

டாக்டரின் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "நான்தான். நீங்க கிளினிக் போனப்புறம் மாமாவை முட்டி வைத்தியத்துக்கு இந்தக் காருலதான் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு தடவை ரோட்டுலயே விழுந்துட்டார். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். என் கையையும் பிடிக்க மாட்டேங்கிறார். நீங்க வீட்டுல ஜாக் போட்டு வேலை பார்க்கிறதைப் பார்த்துப் பழகுனதுதான், ஏத்திவிட்டேன்." மெக்கானிக்கின் பக்கம் திரும்பினாள். "பழி உங்க மேல விழும்னு நினைக்கலங்க."

டாக்டரின் அப்பா மருமகள் பக்கம் திரும்பினார்.

"அப்ப என் முட்டி தேறலையாம்மா?" என்றார் மெதுவாக. "நல்லா எழுந்திரிக்கிறேனே, வைத்தியம் வேலை செய்யுதுன்னு சந்தோஷமா இருந்தேனே."

சற்று முன் கர்வம் என்று நினைத்ததற்காகக் கொழுந்தன் தன்னையே திட்டிக்கொண்டான். குற்றவாளியைப் பிடித்ததும் கைதட்ட வேண்டும் என்றுதான் அவன் கிளம்பி வந்திருந்தான்.

டாக்டர் மெக்கானிக்கிடம் வந்தார். "ஞாயித்துக்கிழமை கிளப்புல பேசத்தான் போறேன். தப்பு என் வீட்டுலன்னு சொல்றேன். இப்ப இதை அப்படியே விட்டுடலாமா?"

"கூடாது சார். ஒருபக்கம் மட்டும் உயர்ந்திருந்தா ஈர ரோட்டுத் திருப்பத்துல வண்டி சுத்திடும். நாலு சக்கரத்தையும் ஏத்தணும். சக்கரம் சக்கரமா எடை போடுற மேசையில நிறுத்தி, ஆள் உட்கார்ந்து பார்த்து ஏத்தணும். இதுவரைக்கும் உங்களை மட்டும் உட்கார வச்சுத்தான் அளந்தேன்." அவள் பெரியவர் முன்னால் போய்க் குனிந்தாள். "ஐயா, இந்தத் தடவை நீங்களும் ஒர்க்‌ஷாப்புக்கு வரணும். இடது சீட்டுல உட்காரணும்."

"அவ்வளவு தாழ்த்துனாத்தான் அழகுன்னு இவன் சொல்லுவானே," என்றார் அவர்.

"சொன்னேன்ப்பா," என்றார் டாக்டர்.

பெரியவர் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றிப் பாதி எழுந்து, மீண்டும் உட்கார்ந்துவிட்டார். மறுபடி முயலவில்லை. மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"கையைக் குடுடா," என்றார்.